சட்டத்தைப் பாத்து சிரிக்கிறவனுக்கு ஒரு பேரு

கேள்வி: அமெரிக்க நியூஸ் ஒண்ணுல பார்க்கிங் ஃபைன் கட்டாம திரியுறவங்களை 'ஸ்காஃப்லா'ன்னு போட்டிருந்தாங்க. லா புரியுது, அந்த ஸ்காஃப் என்ன? ஸ்காஃப்னா அள்ளி முழுங்குறதுன்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான். அப்ப சட்டத்தையே சாப்பிடுறவனா?

பதில்: உங்க ஃப்ரெண்டு சொல்றது பிரிட்டிஷ்காரங்க பேச்சுல நிஜமாவே இருக்குங்க, ஆனா இது அது இல்ல. இங்க ஸ்காஃப்னா ஏளனம், எகத்தாளம். சட்டத்தைப் பாத்து 'போய்யா'ன்னு சிரிக்கிறவன்.

இந்த வார்த்தை தானா முளைச்சது இல்ல, போட்டி வச்சு செஞ்சது. அமெரிக்காவுல 1920ல மதுவிலக்கு வந்துச்சு, ஆனா அந்த சட்டம் சரக்கு காய்ச்சுறதையும் விக்கிறதையும் கொண்டு போறதையும்தான் தடுத்துச்சே தவிர குடிக்கிறவனை நேரா ஒண்ணும் பண்ணல, அவன் பாட்டுக்கு குடிச்சிட்டிருந்தான். மாசசூசெட்ஸ்ல டெல்செவேர் கிங்னு ஒருத்தர், மதுவிலக்குன்னா உயிரு, இவனுங்களுக்கு உறைக்கிற மாதிரி ஒரு பேரு சொல்லுங்கன்னு 200 டாலர் பரிசு அறிவிச்சார். 25,000க்கு மேல வந்து குவிஞ்சுது! 1924 ஜனவரில ரிசல்ட், ரெண்டு பேரு தனித்தனியா இதே வார்த்தையை அனுப்பியிருந்ததால ஆளுக்கு 100.

கூத்து என்னன்னா, அந்த மாசம் முடியுறதுக்குள்ளயே பாரிஸ்ல ஹாரிஸ் நியூயார்க் பார்ல இதே பேர்ல ஒரு காக்டெயில் போட்டு ஊத்திட்டாங்க. திட்டுறதுக்குன்னு காசு குடுத்து செஞ்ச வார்த்தையை கிளாஸ்ல ஊத்தி குடிச்சா இதவிட எகத்தாளம் வேற என்ன இருக்கு சொல்லுங்க.

1933ல மதுவிலக்கு போயிடுச்சு, வார்த்தை மட்டும் வேற வேலைக்கு போயிடுச்சு. இப்ப ஃபைன் டிக்கெட்டை வைப்பர்ல செருகிட்டுப் போனா எடுத்து சீட்டுக்கு கீழ போடுறான் பாருங்க, டோல் கட்டாம நழுவுறான் பாருங்க, அவனைத்தான் சொல்றாங்க. கொலைகாரனுக்கோ கொள்ளைக்காரனுக்கோ இதைப் போட்டா ஒட்டாது, சின்ன சட்டத்தை திரும்பத் திரும்ப அலட்சியம் பண்றவனுக்குத்தான் பொருந்தும். அவுட்லாவும் வேறங்க, அது பழைய காலத்துல சட்டமே 'உனக்கு இனி பாதுகாப்பு கிடையாது'ன்னு வெளிய தள்ளின ஆளு. இவன் உள்ளயே உக்காந்து நக்கல் அடிக்கிறவன்.

தமிழ்ல ஒரே வார்த்தைல எனக்கு சிக்கல. அராஜகம்னா ராஜா இல்லாத நிலைமை, ஆளைக் குறிக்காது. நான் மொழிபெயர்க்கும்போது 'சட்டத்தைக் கால்தூசுக்கு மதிக்காதவன்'னு நீட்டித்தான் எழுதுறேன், எடிட்டர் திட்டுறார்.