ஸ்கேன் செய்தால் காப்பிரைட் வழக்கு வருமா?

மன்னார்குடி நண்பருக்கு, பார்வையில்லாத மகளின் கல்லூரிப் புத்தகத்தை ஸ்கேன் செய்ய ஜெராக்ஸ் கடைக்காரர் காப்பிரைட் என்று மறுத்தாரா? அவர் பயம் வீண். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 52(1)(இசட்பி) பிரிவு இதற்காகவே உள்ளது: மாற்றுத்திறனாளி படிக்க, அவருக்கு ஏற்ற வடிவில் யாரும் நகலெடுக்கலாம். பதிப்பகத்தின் அனுமதி தேவையில்லை; லாபம்தான் பார்க்கக்கூடாது. அந்தப் பிரிவை அச்செடுத்துக் காட்டுங்கள், வேறு கடை தேடித் தஞ்சாவூர் வரை அலைய வேண்டாம்.

தலைவலி அப்புறம்தான். ஸ்கேன் வெறும் படம். திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ அதை அப்படியே வாசிக்காது. கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகும். பிழைகள் வரும், யாராவது உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். பிடிஎஃப்பாகவே கிடைத்தாலும், யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லாத பழைய எழுத்துரு என்றால் உளறல்தான் கேட்கும். அதையும் படமாக்கி, இதே வழியில் மாற்றுங்கள்.