களைப்பு எங்கே போகிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தேர்வுக்காக இரவில் விழித்துப் படிக்கிறேன், நாளொன்றுக்கு ஆறு கோப்பை காபி ஆகிறது. இப்போதெல்லாம் கை நடுங்குகிறது, படுத்தாலும் உறக்கம் வருவதில்லை. கவனக்குறைபாட்டுக்காகத் தான் சாப்பிடும் மாத்திரையில் சிலவற்றைத் தருவதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தைக் காபியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கை நடுக்கத்துக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை ஆற்றலைச் செலவிடுவதன் விளைவாக அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்து, நரம்பணுக்களில் தனக்குரிய ஏற்பிகளில் (அதன் செய்தியை வாங்கும் இடங்களில்) பொருந்தி, உறக்கத்தை வரவழைக்கிறது. காபியில் உள்ள காஃபீன் அந்த இடத்தில் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுவதால் களைப்பு நமக்குத் தெரிவதில்லை; ஆனால் அது தீர்ந்துவிடவும் இல்லை, காஃபீனின் வேகம் குறைந்ததும் மொத்தமாக வந்து அழுத்துகிறது. உடலுக்குள் சென்ற காஃபீனில் பாதி குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உங்கள் இரத்தத்தில் இருக்கும். (கருவுற்ற பெண்களுக்கு இன்னும் நெடுநேரம் தங்கும், அவர்கள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.) நலமுள்ள பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகத் தீங்கில்லை என்பர். ஒரு கோப்பைக் காபியில் 80 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும் ஆகையால், நீங்கள் அந்த எல்லையைக் கடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். படித்தவை நினைவில் பதிவதற்கு உறக்கம் இன்றியமையாதது. அதையே கெடுத்துக்கொண்டு நீங்கள் படிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. திடீரென நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் சில நாட்கள் படுத்தும். ஆகவே இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஒரு கோப்பை வீதம் குறைத்து, கடைசிக் கோப்பையை நண்பகலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் மாத்திரை பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட் அல்லது ஆம்ஃபெட்டமைன் வகையாக இருக்கும். இவை மூளையில் மகிழ்ச்சியையும் ஊக்கத்தையும் விழிப்பையும் தூண்டும் டோபமைன், நாரட்ரினலின் ஆகிய வேதிப்பொருட்களின் அளவை உயர்த்துகின்றன. அவருக்கு இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, குறைந்த அளவில் தொடங்கி, மருத்துவர் கண்காணித்து வருகிறார். உங்களுக்கு இதயத்தில் வெளித்தெரியாத கோளாறு ஏதேனும் இருந்தால் அதை யார் அறிவார்? பசியின்மை, உறக்கமின்மை, படபடப்பு ஆகியவற்றோடு, அளவு மீறும்போது காரணமற்ற சந்தேகமும் இல்லாத குரல்கள் கேட்பதும் நேரலாம். பழகிவிடும் இயல்பு இருப்பதால்தான் 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இவ்விரண்டையும் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. ஏற்கெனவே காஃபீனால் விரைந்து துடிக்கும் இதயத்தின் மீது இதையும் ஏற்றாதீர்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி பல மாதங்களாக மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப் பொருளைப் பயன்படுத்தி, இப்போது நிறுத்திவிட்டான். ஆனால் நாள் முழுதும் படுத்தே கிடக்கிறான், எதிலும் விருப்பமில்லை. இது சோம்பலா?

பதில்: சோம்பல் அல்ல. அப்பொருள் டோபமைனை இயல்புக்கு மிஞ்சிப் பெருக்கியதால், மூளை அதை ஏற்கும் திறனைக் குறைத்துக்கொண்டது; இப்போது சிறு மகிழ்ச்சிகள் அவருக்கு எட்டுவதில்லை. முதல் நாட்களின் நீண்ட உறக்கமும் பெரும்பசியும் தணிந்த பின்னும், மனச்சோர்வு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இப்பழக்கத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. போதைப் பொருள் இல்லாத ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு பரிசளித்து ஊக்குவிக்கும் நடத்தைச் சிகிச்சையே நல்ல பலன் தந்துள்ளது. அவரைக் கடிந்துகொள்ளாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றி அவர் பேசினால், அன்றே அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தனியே விடாதீர்கள்.