கேம் சர்வரில் பேன் (தடை) ஆன பையன் திரும்பி வரக் கேட்கிறான், சேர்க்கலாமா?

கேள்வி: நானும் நண்பர்களும் ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துகிறோம். அறுபது பேர் போல இருக்கிறோம், கூடவே பேசிக்கொள்ள டிஸ்கார்ட் செயலியில் ஒரு குழுவும் உண்டு. போன வருடம் ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையன் இரண்டு பேர் கட்டிய வீடுகளை உடைத்து, பெட்டிகளைக் காலி செய்து, கேட்டதற்கு வாய்ஸ் சாட்டில் கெட்ட வார்த்தையில் திட்டினான். பேன் செய்துவிட்டோம். இப்போது நீளமாக மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறான். மாட்களில் (சர்வரைக் கண்காணிக்கும் மாடரேட்டர்களில்) பாதிப் பேர் "விடுங்க ப்ரோ, சின்னப் பையன்" என்கிறார்கள். மீதிப் பேர் "அவன் வந்தால் நாங்கள் கிளம்புகிறோம்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சேர்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மெசேஜைப் படித்து மனம் இளகி இல்லை, அதை முதலில் ஓரமாக வையுங்கள். நன்றாக மன்னிப்புக் கேட்கத் தெரிவது ஒரு தனித் திறமை, இப்போது அந்தத் திறமைகூட வேண்டாம், ஏஐயிடம் கேட்டால் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடும். நிஜமாகவே வருத்தப்படுகிற பையன் "சாரிண்ணா, இனிமே பண்ண மாட்டேன்" என்று ஒரே வரியில் முடித்திருக்கவும் கூடும். அவன் மனசு மாறிவிட்டதா என்று திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: அவன் துளியும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம், திரும்பி வந்து அதே வேலையைச் செய்கிறான், அப்போது சேதம் யாருக்கு, அதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

உங்கள் விஷயத்தில் பதில் சுலபம். சர்வரில் கோர்ப்ரொடெக்ட் என்ற பிளக்இன் (கூடுதல் மென்பொருள்) இருந்தால் யார் எந்தக் கல்லை உடைத்தார்கள், எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்தார்கள் என்பதெல்லாம் பதிவாகும், ஒருவர் செய்ததை மட்டும் தேர்ந்து சில நிமிடங்களில் பழையபடி ஆக்கிவிடலாம் (இதைத்தான் ரோல்பேக் என்பார்கள்). இல்லையென்றால் அவன் விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்தப் பிளக்இன்னைப் போடுங்கள். எக்ஸ்ரே (மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் ஏமாற்று வழி) போட்டு வைரம் தோண்டியவர் என்றாலும் ஏறக்குறைய இதே கணக்குதான், பேப்பர் என்ற சர்வர் மென்பொருளிலேயே அதற்கான தடுப்பு இருக்கிறது, ஆனால் தானாக ஓடாது, நீங்கள்தான் கான்ஃபிக்கில் ஆன் செய்ய வேண்டும்.

இதையே வேறு குற்றத்துக்கு வைத்துப் பாருங்கள். ஒருவருடைய போன் நம்பரையோ போட்டோவையோ வெளியே விட்டவர், சின்னப் பிள்ளைகளுக்குத் தனி மெசேஜ் அனுப்பித் தொல்லை கொடுத்த பெரியவர், இவர்கள் திரும்பிச் செய்தால் எந்த ரோல்பேக்கும் உதவாது. இங்கே அப்பீலே கிடையாது, எத்தனை வருடம் ஆனாலும் சரி. அது விளையாட்டுக் குழு தீர்த்து வைக்கிற விஷயமும் கிடையாது, டிஸ்கார்டுக்கும் சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் புகாராகப் போக வேண்டியது. "அவருக்கும் ஒரு வாய்ப்பு" என்று யாராவது இழுத்தால் விவாதத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

பெரிய நிறுவனங்களும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொண்டதில்லை. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸை நடத்தும் ரயட், 2012 டிசம்பரில் ஐவில்டாமினேட் என்ற பெயரில் ஆடிய தொழில்முறை ஆட்டக்காரரை, கூட ஆடுபவர்களிடம் நடந்துகொண்ட விதத்துக்காக ஓராண்டு போட்டிகளிலிருந்து விலக்கியது. அவர் 2014இல் கர்ஸ் அணிக்கு ஆடத் திரும்பினார். ஸ்ட்ரீமர் டைலர்1 விஷயத்தில் இன்னும் கடுமை: 2016இல் எந்த ஐடியில் வந்தாலும் பேன் என்று அறிவித்தார்கள், அப்புறம் நடத்தையைப் பார்த்துவிட்டு 2018 ஜனவரியில் உள்ளே விட்டார்கள், அன்றைய ஸ்ட்ரீமை ஒரே நேரத்தில் 3.5 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் பக்கம் போனால் கதை வேறு. 2014 ஆகஸ்டில் ஐபைபவர் அணி ஒரு ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்றது, 2015 ஜனவரியில் அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் தடை போட்டது, 2017இல் போட்டி நடத்தும் ஈஎஸ்எல் நிறுவனம் தன் போட்டிகளுக்கு அவர்களை அனுமதித்தபோதும் வால்வ் அசையவில்லை. அதே வால்வ் 2021இல், ஏமாற்று மென்பொருளுக்காக வாங்கிய பழைய விஏசி (வால்வின் ஏமாற்றுத் தடுப்பு அமைப்பு) தடை 5 வருடம் தாண்டியிருந்தால் தன் போட்டிகளில் ஆடலாம் என்று விதியைத் தளர்த்தியது. வாய்த்துடுக்குக்கு ஒரு அளவு, ஏமாற்றுக்கு ஒரு அளவு, காசுக்கு விலை போனதற்கு ஒரு அளவு. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. அறுபது பேர் சர்வருக்கும் இப்படி ஒரு அளவு வேண்டும், அதை யாரும் அப்பீல் செய்வதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

எழுதி வைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது, அவனை ஏன் பேன் செய்தீர்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? மைன்கிராஃப்டின் பேன் பட்டியல் கோப்பில் பெயர், தேதி, பேன் செய்தவர், காரணம் எல்லாம் பதிவாகும். காரணம் என்று ஒன்றும் தட்டாமல் விட்டால் "ஆபரேட்டர் பேன் செய்தார்" என்ற வெறும் வாக்கியம்தான் இருக்கும், அதை வைத்து ஒரு வருடம் கழித்து என்ன பேசுவது? டிஸ்கார்டின் ஆடிட் லாக் (நிர்வாகிகள் என்ன செய்தார்கள் என்ற பதிவு) 45 நாள்தான் தங்கும். பேன் பொத்தானை அழுத்தும்போது அவருடைய சமீபத்திய மெசேஜ்களையும் அழிக்கவா என்று கேட்கும், கோபத்தில் ஆமாம் என்று கொடுத்துவிட்டால் ஆதாரமும் போய்விடும். இனிமேல் முதலில் ஸ்கிரீன்ஷாட், மாட்கள் மட்டும் பார்க்கிற சேனலில் இரண்டு வரிக் குறிப்பு, பிறகுதான் பேன். ஆதாரத்தை அவனுக்கும் காட்டுங்கள். ரயட் இதை அளந்தே பார்த்திருக்கிறது: என்ன தவறு என்று பொதுவாக மட்டும் சொன்னபோது திரும்பத் தப்பு செய்யாதவர்கள் 50 சதவீதம், அவர்கள் தட்டிய வார்த்தைகளையே எடுத்துக் காட்டியபோது 65.

சரி, அவனிடம் பேசும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இந்த ஒரு வருடத்தில் வேறு ஐடியில் உள்ளே வந்தாயா? மைன்கிராஃப்ட் பேன் அந்தக் கணக்கைத்தான் பூட்டும், புதுக் கணக்கில் வருவதைத் தடுக்காது. அவன் "ஆமாண்ணா, இந்தப் பெயரில் நாலு மாதமாக ஆடுகிறேன்" என்று சொல்லி, அந்த நாலு மாதப் பதிவும் சுத்தமாக இருந்தால், விதிப்படி அது தப்புதான், ஆனாலும் அந்த நீண்ட மெசேஜைவிட நான் நம்புவது இதைத்தான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. ஒன்று மட்டும் கவனம், ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) ஒத்துப்போகிறது என்பதை வைத்து மட்டும் ஆல்ட் ஐடி (அதே ஆளின் இன்னொரு கணக்கு) என்று குற்றம் சாட்டாதீர்கள். மொபைல் டேட்டாவில் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் ஒரே ஐபியில் வருவார்கள், ஹாஸ்டல் வைஃபை என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது "கிளம்புகிறோம்" என்கிற மாட்களுக்கு வருவோம். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அன்றைக்கு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து உடைந்ததைச் சரிசெய்தது அவர்களாகத்தான் இருக்கும், "விடுங்க ப்ரோ" என்பவர்கள் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். அதனால் நான் வைக்கிற நிபந்தனை: சேர்க்கலாம் என்று ஓட்டுப் போடுபவர்தான் அவனைக் கண்காணிக்கும் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும், தினமும் ஒரு முறை அவன் பதிவைப் பார்ப்பது, புகார் வந்தால் முதலில் போய் நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. இதைச் சொன்னதுமே பாதி ஓட்டு காணாமல் போனால் உங்களுக்கு உண்மையான நிலவரம் தெரிந்துவிடும், பொறுப்பேற்க ஒருவர்கூட இல்லையென்றால் சேர்க்காதீர்கள். அன்றைக்கு பேன் பொத்தானை அழுத்தியவர் கருத்துச் சொல்லலாம், ஆனால் அவர் மட்டுமே முடிவெடுக்கக் கூடாது.

மாட்கள் கூடுவதற்கு முன்பே வீடு இழந்த இரண்டு பேரிடமும், திட்டு வாங்கியவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். பொது சேனலில் கேட்டால் பெருந்தன்மையாக "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். வீடு உடைந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது ஒரு கருத்து. திட்டு விஷயத்தில், அது அந்த ஆளின் குடும்பத்தையோ சாதியையோ உடம்பையோ இழுத்துத் திட்டியதாக இருந்தால், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சேர்ப்பது என்று முடிவானால் முழுச் சுதந்திரத்தோடு விடாதீர்கள். லக்பெர்ம்ஸில் (யாருக்கு என்ன அனுமதி என்று பிரிக்கும் பிளக்இன்) தனிக் குழு ஒன்று உண்டாக்கி, பொருள்களைத் தடுக்கும் இன்னொரு பிளக்இன்னின் துணையோடு டிஎன்டி (வெடி), லாவா, நெருப்பு எதையும் அந்தக் குழு தொட முடியாதபடி செய்யுங்கள், டிஸ்கார்டில் வாய்ஸை மூடிவையுங்கள். இந்தக் கட்டுப்பாடு ஆறு வாரம் என்றால் ஆறு வாரம், முடிகிற தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள், "பார்க்கலாம்" என்று இழுத்தால் அவனும் சோர்ந்துபோவான், நீங்களும் மறந்துபோவீர்கள்.

அப்புறம், பெயருக்குப் பக்கத்தில் "சோதனைக் காலம்" என்று சிவப்பில் பட்டை எதுவும் மாட்டிவிடாதீர்கள். நிறைய அட்மின்கள் இதை நல்ல யோசனை என்று நினைத்துச் செய்கிறார்கள், நடப்பது என்னவென்றால் மற்ற பையன்களுக்கு அவனைச் சீண்டுவதே ஒரு விளையாட்டு ஆகிவிடுகிறது, அவன் பெட்டிக்குப் பக்கத்தில் நடந்தாலே "திருடன் வந்துட்டான்" என்று சாட்டில் போடுவார்கள், பத்து நாள் பொறுத்துப்போவான், பதினொன்றாம் நாள் வெடிப்பான், உடனே எல்லோரும் "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்பார்கள். அவன் வந்திருக்கிறான் என்பதை ஒரே ஒரு முறை அறிவியுங்கள், பழைய கதையை எடுத்துச் சீண்டுபவருக்கும் எச்சரிக்கை உண்டு என்பதை அதே அறிவிப்பில் சேருங்கள். அந்த எச்சரிக்கையை நிஜமாகவே ஒருவருக்குக் கொடுக்க வேண்டியும் வரும், அது உங்கள் நெருங்கிய நண்பராகவும் இருக்கலாம்.

சேர்ப்பதில்லை என்று முடிவானால் மெசேஜைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் விடாதீர்கள், அதுதான் ஆல்ட் ஐடிக்கு நேர்வழி. இரண்டு வரி போதும்: இப்போது இல்லை, காரணம் இது, ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். மறுபடி கேட்கவே முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். விவாதத்துக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

இதைப் படிக்கும் சிலர் ஃப்ரீ ஃபயரிலோ ஸ்டீமிலோ (வால்வின் விளையாட்டுத் தளம்) பேன் வாங்கிவிட்டு வழி தேடிக்கொண்டிருப்பீர்கள். நிறுவனம் போட்ட பேன் என்றால் அந்த நிறுவனத்தின் சொந்த ஹெல்ப் பக்கம்தான் வழி, விஏசி பேன் என்றால் ஸ்டீம் உதவிக்குழுவால்கூட எடுக்க முடியாது. தப்பாகப் போட்ட பேன்களை நிறுவனமே எடுத்ததும் உண்டு, 2010இல் சுமார் 12,000 மாடர்ன் வார்ஃபேர் 2 ஆட்டக்காரர்களைத் தவறுதலாகத் தடை செய்த வால்வ், தடையை நீக்கி ஆளுக்கு ஒரு விளையாட்டை இலவசமாகவும் கொடுத்தது. காசு கொடுத்தால் ஐடியை மீட்டுத் தருகிறேன் என்று டெலிகிராமில் வருபவர்கள் எல்லாம் காசை வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள்தான், ஓடிபி கேட்டால் மிச்சமிருக்கிற ஐடியும் போய்விடும்.