லக்சம்பர்க் நடுநிலை நாடா?

இப்போது இல்லை, ஒரு காலத்தில் இருந்தது. 1867 லண்டன் ஒப்பந்தம் லக்சம்பர்க்கை நிரந்தர நடுநிலை நாடாக்கியது. அதுவரை அங்கே இருந்த பிரஷ்யப் (அன்றைய ஜெர்மன் அரசு ஒன்றின்) படை வெளியேறியது. பேர்பெற்ற கோட்டையை இடித்துத் தள்ளவே 1883 வரை ஆனது. மதிலையும் இடித்தாயிற்று, காவலுக்குப் பெரிய படையும் கிடையாது. வல்லரசுகளின் வாக்குறுதிதான் பாதுகாப்பு.

அந்த வாக்குறுதி என்ன ஆனது? 1914 ஆகஸ்டில் ஜெர்மனி உள்ளே வந்தது. சரி, ஒருமுறைதான் என்று பார்த்தால், 1940 மே 10 அன்று மறுபடியும் வந்தது. இந்த முறை நாட்டையே தன்னோடு இணைத்துக்கொண்டு, இளைஞர்களைக் கட்டாயமாகத் தன் படையிலும் சேர்த்தது.

அப்புறம் யார் நடுநிலையை நம்புவார்கள்? 1948இல் அரசமைப்பிலிருந்தே அதை நீக்கினார்கள். 1949இல் நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியைத் தொடங்கிய 12 நாடுகளில் லக்சம்பர்க்கும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், சொந்தப் போர் விமானம் இல்லாத இந்த நாட்டில்தான் நேட்டோவின் அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்கள் பதிவாகியுள்ளன.