முள் குத்தியது தோலில், செய்தி போனது உட்கருவுக்கு

கேள்வி: சௌராஸ்தா சந்தையில் வாங்கிய மீனைக் கழுவும்போது செவுள் முள் என் கட்டைவிரலில் குத்தியது, மறுநாள் விரல் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. கிருமி உயிரணுவுக்குள் நுழையாமலேயே, மேற்பரப்பில் உள்ள ஏற்பியின் (வெளிப்பொருளைப் பற்றிச் செய்தி தரும் புரதம்) மூலம் அழற்சி தொடங்கிவிடும் என்று படித்தேன். வெளியே இருப்பது உள்ளே எப்படித் தெரிகிறது? முடக்குவாதத்திற்காக என் அம்மா போட்டுக்கொள்ளும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நீங்கள் படித்தது சரிதான். முழுக் கிருமிகூட வேண்டியதில்லை. அதன் உறையிலிருந்து உதிர்ந்த துணுக்கே போதும். தோலுக்கடியில் இருக்கும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணுவின் சவ்வில் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி உண்டு. சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு இதனோடு சேரும்போது, தனித்தனியாக நின்ற இரண்டு ஏற்பிகள் நெருங்கி இணைகின்றன. ஏற்பி சவ்வை ஊடுருவி நிற்பதால், வெளியே தலைகள் சேர்ந்தால் உள்ளே வால்களும் சேர்ந்தாக வேண்டும். கிருமிப்பொருள் வெளியிலேயே நின்றுவிட, உள்ளே போவது இந்த வடிவ மாற்றம் மட்டுமே. சேர்ந்த வால்களில் மைடி88 என்ற புரதம் வந்து ஒட்ட, அதிலிருந்து ஒரு புரதம் அடுத்ததைத் தூண்டும் தொடர் ஆரம்பமாகிறது. நடுவில் வரும் ஐராக், டிராஃப்6, டாக்1 ஆகிய பெயர்களைத் தேர்வு எழுதுபவர்கள் மனப்பாடம் செய்தால் போதும்.

தொடரின் கடைசிக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மரபணுக்களை முடுக்கும் என்.எஃப். கப்பா பி என்ற புரதம் அவசரத்திற்குப் புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. அது முன்பே தயாராக, ஐ. கப்பா பி என்ற மற்றொரு புரதத்தின் பிடியில், உட்கருவுக்கு வெளியே காத்திருக்கிறது. செய்தி வந்ததும் ஒரு நொதி அந்தப் பிடிப்புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதுவே அழிப்பதற்கான அடையாளமாகி, உயிரணுவின் கழிவகற்றும் அமைப்பு அதைச் சிதைத்துவிடுகிறது. விடுபட்ட என்.எஃப். கப்பா பி சில நிமிடங்களிலேயே உட்கருவுக்குள் புகுந்து, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 6 போன்ற சைட்டோகைன்களுக்கான (உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்கள்) மரபணுக்களை இயக்குகிறது. அவற்றின் விளைவாக இரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிவதைத்தான் நீங்கள் சிவப்பாகவும் வீக்கமாகவும் பார்த்தீர்கள். அதே என்.எஃப். கப்பா பி, தன்னைப் பிடித்துவைத்திருந்த ஐ. கப்பா பி-யின் மரபணுவையும் சேர்த்தே இயக்குவதால், புதிய பிடிப்புரதம் உருவாகி அதை மீண்டும் அடக்குகிறது. முள் குத்திய விரல் சில நாளில் தணிவதற்கு இதுவும் ஒரு காரணம். பழ ஈயில் தொடங்கிய இந்த ஆய்வுத்தடத்திற்காக ஜூல்ஸ் ஹாஃப்மன், புரூஸ் பாய்ட்லர் இருவரும் 2011இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இனி அம்மாவின் ஊசி. ஓர் உயிரணு வெளியிடும் டி.என்.எஃப்., பக்கத்து உயிரணுவில் தனக்கென உள்ள ஏற்பியில் அமர்ந்து, அங்கும் இதே என்.எஃப். கப்பா பி-யை விடுவிக்கிறது. முடக்குவாதத்தில் கிருமி எதுவும் இல்லாமலேயே இந்தச் சுழற்சி மூட்டுக்குள் ஓயாமல் நடக்கிறது. இவ்வகை ஊசிமருந்துகளில் ஒன்றான அடாலிமுமாப் ஓர் எதிர்ப்புரதம், அது டி.என்.எஃப்.-ஐ வழியிலேயே பிடித்துவிடுகிறது. மற்றொன்றான எட்டனர்செப்ட்டோ ஏற்பியின் வெளிப்பகுதியையே வெட்டியெடுத்துச் செய்த பொய்யான ஏற்பி, அதில் டி.என்.எஃப். ஒட்டினாலும் உள்ளே செய்தி சொல்ல வால் கிடையாது.

காசநோய்க் கிருமியை நுரையீரலில் சுற்றி வளைத்து அடைத்துவைப்பதற்கும் டி.என்.எஃப். தேவைப்படுகிறது. அதனால்தான் ஊசியைத் தொடங்கும் முன் மருத்துவர்கள் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கிறார்கள். அம்மாவுக்கு இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.