சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சொல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் ஆறாம் வகுப்புத் தமிழாசிரியை. சொல்லுக்குள் சொல் தேடச் சொன்னபோது, ஒரு மாணவி ‘நாற்காலி’யில் ‘காலி’யையும் ‘கவிதை’யில் ‘விதை’யையும் கண்டுபிடித்தாள். இவற்றை என்னவென்று அழைப்பது?

பதில்: அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், அம்மா. அவள் கண்டவை எழுத்து வரிசையில் தற்செயலாக அமைந்தவை. சொல்லைப் பொருளுள்ள உறுப்புகளாகப் பிரிக்கும் பகுபத இலக்கணம் அவற்றை உறுப்புகளாகக் கொள்வதில்லை. நாற்காலியைப் பிரித்தால் நான்கு, கால், ‘இ’ விகுதி ஆகியவையே கிடைக்கும். வெறுமையைக் குறிக்கும் ‘காலி’ உருது வழியாக வந்த வேறு சொல். இதற்கு நேர்மாறானது ‘வெண்ணெய்’. அதில் ‘நெய்’ உண்மையாகவே இருக்கிறது. ஆனால் ணகர மெய்யை அடுத்து வந்த நகரம் ணகரமாகத் திரிந்துவிட்டதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ‘எண்ணெய்’ இன்னும் அழகானது: எள், நெய் ஆகிய இரண்டுமே உருமாறி உள்ளே இருக்கின்றன. எழுத்தில் தெரிந்தும் பொருளால் இல்லாத சொல் ஒருவகை, பொருளால் இருந்தும் எழுத்தில் தெரியாத சொல் மற்றொரு வகை என்று வகுப்பில் பிரித்துக் காட்டுங்கள்; புணர்ச்சி விதிகளின் தேவை குழந்தைகளுக்குத் தானே விளங்கும். பின்னதைப் புணர்ச்சியில் முதலில் நிற்கும் நிலைமொழி, அடுத்து வந்து சேரும் வருமொழி என்றே சொல்லலாம். முன்னதைக் ‘கரந்துறை சொல்’ என அழைக்கலாம் என்பது என் கருத்து. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் மறைந்திருக்கும் சித்திரகவியை அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் ‘கரந்துறை செய்யுள்’ என்கிறது. அந்த வழியைப் பின்பற்றியே இப்பெயரைச் சொல்கிறேன்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘எட்டு’ பொதுமொழி என்று மட்டும் என் கையேட்டில் உள்ளது. அதில் என்ன ஒளிந்திருக்கிறது?

பதில்: தனித்து நின்று ஒரு பொருளையும், பிரிந்து தொடராக நின்று வேறு பொருளையும் தருவதே நன்னூல் கூறும் பொதுமொழி. எட்டு என்பது ஓர் எண். எள் + து எனப் பிரித்தால் ‘எள்ளை உண்’ என்னும் ஏவல். ‘து’ என்றால் ‘உண்’ என்பது பொருள். நன்னூல் எண்ணிக் காட்டும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் குறில்கள் இரண்டே. ஒன்று ‘நொ’, மற்றொன்று இந்தத் ‘து’. ‘எள்’, ‘து’ என இரண்டையும் சேர்த்து விரைவாக நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ளகரமும் தகரமும் நெருங்கி ‘ட்டு’ ஆவதை உங்கள் நாக்கே உணர்த்தும். ‘வேங்கை’யும் இப்படித்தான்: மரமும் புலியும் ஒருபுறம், வேம் + கை, அதாவது வேகின்ற கை, மறுபுறம். புலவர் இதை வேண்டுமென்றே பாட்டில் அமைத்தால் அது பிரிமொழிச் சிலேடை. தண்டியலங்காரத்தின் மேற்கோள் வெண்பாவில் வரும் ‘அரிமானிடர்’ கதிர் அரியும் மானிடராகவும் நிற்கிறது, அரிமானால், அதாவது சிங்கத்தால், நேரும் இடராகவும் நிற்கிறது. ஓர் எழுத்தும் மாறாமல், பிரிக்கும் இடம் மட்டும் நகர்ந்து, வயல் காடாகிவிடுவதை எத்தனை முறை படித்தாலும் நான் வியக்கிறேன்.

கேள்வி: ‘தாமரை’யிலிருந்து ‘மரை’ வருவது முதற்குறை என்று படித்தேன். அதுவும் ஒளிந்திருக்கும் சொல்தானே?

பதில்: இடம் நோக்கித்தான் சொல்ல வேண்டும். ‘மரை’ தாமரைப் பூவையே குறித்தால் அது முதற்குறை. சொல் குறைந்தது, பொருள் குறையவில்லை. தா + மரை எனப் பிரித்துத் தாவும் மான் என்று கொண்டால் அது பொதுமொழி.

கேள்வி: தன் பொருளையே தரும் சிறிய சொல்லை உள்ளே சுமப்பதை ஆங்கிலத்தில் கங்காரு சொல் என்கிறார்களே, தமிழில் உண்டா?

பதில்: ஓணானைக் குறிக்கும் ‘ஓந்தி’ நடு எழுத்துக் குறைந்து, அதாவது இடைக்குறையாகி, ‘ஓதி’ என வருவது அதற்கு நெருக்கமானது. ஆயினும் அவை ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள் என்பதால் இதைக் கங்காரு சொல்லாகவே கொள்ள மாட்டேன்.

கேள்வி: சொற்புதிர் தயாரிக்கிறேன். ‘வானம்’ என்பதில் ‘வான்’ இருப்பதாகக் கொள்ளலாமா?

பதில்: ஒலியால் கொள்ளலாம், னகர உயிர்மெய்க்குள் ‘ன்’ அடங்கியிருக்கிறது. ஆனால் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்னும் புதிரில் ‘ன’ பிரியாத ஓர் எழுத்து, ஆதலால் அங்கே கொள்ள இயலாது. எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் புதிரின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.