ஜெபத்தில் வார்த்தையே வரவில்லை, நான் பின்வாங்கிவிட்டேனா?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் ஒரு தியான முகாமில் அழுது ஜெபித்து, இயேசுவுக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். தினமும் அதிகாலை ஒரு மணி நேரம் ஜெபிக்கத் தீர்மானித்தேன். சில வாரங்கள் முடிந்தது. இப்போது முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை, தூக்கம்தான் வருகிறது. ‘ஆவியானவர் உன்னைவிட்டு விலகிவிட்டார்’ என்கிறாள் தோழி. அன்று நடந்தது பொய்யா?

பதில்: பொய் இல்லை, சகோதரி. தோழி சொன்னதை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தம் இருதயம் அனல்கொண்டதாக நாட்குறிப்பில் எழுதினார். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1739 ஜனவரி 4 அன்று, தாம் கிறிஸ்தவரே அல்ல என்று எழுதுகிறார். அவருடைய ஊழியத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் நடந்தது.

கலாத்தியர் 5-ல் ஆவியின் கனியாகப் பவுல் ஒன்பது சொல்கிறார். கண்ணீர் அதில் இல்லை. முன்பு சாதாரணமாகச் சொன்ன பொய் இப்போது உங்களுக்கு உறுத்துகிறதா? வெறுத்த ஒருவருக்காக ஒரு வரியாவது ஜெபிக்க முடிகிறதா? அப்படியானால் அன்று விதைத்தது உயிரோடிருக்கிறது. யாரிடமாவது மன்னிப்புக் கேட்காமல் தள்ளிப்போடுகிறீர்களா என்றும் பாருங்கள். இருந்தால் மத்தேயு 5:23, 24 சொல்லும் வரிசைப்படி முதலில் அங்கே போங்கள். ‘ஆனால்’ என்ற சொல் வராமல் ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்.

ஒரு மணி நேரம் என்பது ஆர்வம் பொங்கிய நாளில் குறித்த அளவு. அதை 20 நிமிடமாக்குங்கள். தூக்கம் வருவதால் முழங்காலில் நிற்க வேண்டாம். நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது நடந்துகொண்டே ஜெபியுங்கள். முதல் இரண்டு நிமிடம் அமைதி. பிறகு மாற்கு சுவிசேஷத்தில் பத்துப் பன்னிரண்டு வசனங்களை வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால் மனம் அலைந்துவிடும். மனதைத் தொட்ட ஒரு சொல்லைப் பிடித்து, அதை வைத்தே பேசுங்கள். சொந்த வார்த்தை வராத நாளில் 13-ஆம் சங்கீதம் போதும், ஆறே வசனம். கைவிடப்பட்டதாக உணர்ந்த ஒருவரின் ஜெபம் அது. கர்த்தருடைய ஜெபத்தையும் ஒவ்வொரு விண்ணப்பமாக நின்று நின்று சொல்லலாம். முடித்ததும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக்காதீர்கள். பலர் விழுவது இங்கேதான்: கடன் ஏறுவதுபோல் ஜெபம் ஏறி, குற்றவுணர்வு தாங்காமல் மொத்தமாக விட்டுவிடுவார்கள். பழைய உணர்ச்சியைத் தேடி ஒவ்வொரு ஜெபக் கூட்டமாக அலைவதும் அதே வறட்சியில்தான் கொண்டுவிடும். சபையை மாற்றுவது, வேலையை விட்டு ஊழியத்துக்குப் போவது போன்ற பெரிய முடிவுகள் இப்போது வேண்டாம்.

இன்னொன்று: உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவாகாது. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் இரண்டு முறை எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். தேவன் அவரோடு பேசிய மெல்லிய சத்தம் பிறகுதான் வந்தது.

தனியாகப் போராடாதீர்கள். விசுவாசத்தில் முதிர்ந்த, கேட்டதை வெளியே சொல்லாத ஒரு சகோதரியை வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சந்தியுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், எங்களுக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.